அன்றாட வாழ்வும் ஒப்புரவும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைக் கூட்டத்தில் சமயப்பொருள் பற்றி யாதேனும் பேசுக என்று நம் காரியதரிசி அவர்கள் பணித்தபோது யான் முதலில் மறுத்தேன். மறுத்தது அடக்கத்தினால் அன்று. வேதப்பொருளைப் பேசுதற்குச் சுவாமியார்கள் உளர், உபதேசியார்கள் உளர். எழுத்தும் சொல்லும் கற்பித்துப் பிழைக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியனுக்கு அங்கே என்ன உரிமை என்று எண்ணினேன். பின்னர், வேதசாஸ்திரம் பேச வேண்டுவதில்லை, என் வீட்டில் நடந்த ஒன்றைக் கூறினால் அமையும் என்று துணிந்து வந்திருக்கின்றேன். அஃது எனக்குப் பெருமை தரும் செய்தியன்று. கேட்ட பின்னர் உங்களிற் சிலர் என்பால் வைத்திருக்கும் நன்மதிப்புக் குறையவுங் கூடும். என் தமையனாரிடம் உத்தரவு கேட்டு, அவர் "சொல்லிக்கோ" என்ற பின்னரே சொல்லுகின்றேன் என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்ளுகின்றேன்.

என் பாட்டியார்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் ஞானோபதேசக் குறிப்பிடம் முழுவதையும் நாவிலே வைத்திருந்தார். அந்தி மணியடித்துத் திரிகால செபம் முடிந்ததும் பேரப்பிள்ளைகளைத் திண்ணையில் வரிசையாக அமர்த்திக் கேள்வி கேட்பார். நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டுவன எத்தனை என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் யாங்கள் ஐந்து என்போம். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிப் பாவஞ் செய்யேன் என்னும் பிரதிக்கினை, பாவங்களை வெளியிடுதல், சுவாமியார் இட்ட அபராதத்தைத் தீர்த்தல் என்பன அவ்வைந்தாம். பாவசங்கீர்த்தனம் என்று நம் முன்னோர் வழங்கியதையே இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்று வழங்குகின்றோம்.

இச்சொற்களைப் பற்றித் தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகின்றேன், பொறுத்தருள்க. குறிப்பிடத்தில் மனஸ்தாபம் என்பது தான் செய்த பாவத்திற்காகத் தான் வருந்தும் வருத்தம். அதே சொல்லைத் தெருவில் நாம் எப்பொருளில் வழங்குகின்றோம்? "அவர்கள் இருவர்க்கும் மனஸ்தாபம், பேச்சுவார்த்தை இல்லை" என்கின்றோம். ஒன்று தன்னை நோக்கிய வருத்தம். மற்றொன்று பிறனை நோக்கிய வருத்தம். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்காலம் எனக்கு இரண்டாவது மனஸ்தாபம் நிறைய இருந்தது. முதலாவது சிறிதும் இல்லை. ஒப்புரவு என்னும் சொல்லோ திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்குப் பெயராக நிற்பது. உலகநடை அறிந்து பிறர்க்கு உதவுதலை அங்கே வள்ளுவர் ஒப்புரவு என்றார். திருச்சபையார் அதனைச் சமாதானமாதல் என்னும் பொருளில் எடுத்து ஆள்கின்றனர். இரண்டு பொருளும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று உண்டு. அதனை யான் நூலிற் கண்டேனல்லேன்.

நம் முத்துக்குளித்துறையில் இவ்வருட்சாதனம் நேற்று வந்ததன்று. 1542 இல் அர்ச்சியசிஷ்ட சவேரியார் இக்கரைக்கு வந்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டி மந்திரங்களைத் தமிழிற் சொல்லிக்கொடுத்தார் என்பதை நாம் அறிவோம். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் என்னும் போர்த்துக்கேயர், நம் மொழியை நன்கு கற்று, 1578 இல் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலை அச்சிட்டார். தமிழ் எழுத்தினால் இந்நாட்டில் அச்சேறிய நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பனவற்றில் அதுவே முற்பட்டது. நம் குலத்தாரும் அவ்வச்சுப்பணிக்குப் பொருள் உதவினர். 1580 இல் கொச்சியிலே அவர் வெளியிட்ட மற்றொரு நூல் பாவசங்கீர்த்தனம் செய்வார்க்கு வழிகாட்டுவது. தமிழ் அச்சின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே இப்பொருளுக்கென ஒரு தனி நூல் பிறந்ததை எண்ணும்போது எனக்கு வியப்புண்டாகின்றது. இலக்கண நூலுக்கும் முன்னே அது அச்சேறியது. இவையெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தன. இவற்றைப் பற்றிப் பள்ளி ஆண்டுமலரிற் கட்டுரையும் வரைந்திருக்கின்றேன். தெரிந்தும் என் வீட்டில் யான் செய்தது வேறு.

என் தந்தையார் சிறு வள்ளம் ஒன்று வைத்துக் கடலுக்குச் சென்றவர். எனக்கு ஏழாண்டு மூத்தவர் என் தமையனார். எட்டாம் வகுப்பிலே படிப்பை நிறுத்திவிட்டு, பதினான்காம் வயதில் தந்தையாரோடு வள்ளத்தில் ஏறினார். நிறுத்தியது படிப்பு வாராமையால் அன்று; இருவரையும் படிக்கவைக்க வீட்டில் வகையில்லாமையால். யான் பள்ளியிறுதி முடித்ததும், தமிழ் கற்கக் கல்லூரிக்குச் சென்றதும், ஆசிரியப் பயிற்சி பெற்றதும் அவர் கொண்டுவந்த பங்குப் பணத்தினால். முதன்முதல் யான் சொந்தமாக வாங்கிய தொல்காப்பிய உரைநூல் ஒரு நாள் சீலாமீன் பாட்டில் வந்த காசு. அதனை இன்றும் வைத்திருக்கின்றேன்.

தந்தையார் காலஞ்சென்ற பின்னர் மனையை இரு கூறாக்கினோம். தெற்குப் பாதி அவருக்கு, வடக்குப் பாதி எனக்கு. இரண்டுக்கும் நடுவே மூன்றடி அகலமுள்ள முடுக்கு ஒன்று கடற்கரைப் பக்கமாகத் திறந்திருந்தது. வலையும் எஞ்சினும் எண்ணெய்க் கேனும் அவ்வழியாகவே கரைக்குப் போகும். மீன்கூடை அவ்வழியாகவே வீட்டுக்கு வரும். யான் வங்கிக் கடன் பெற்று மாடிவீடு கட்டத் தொடங்கியபோது, அளவைக்காரர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, பத்திரப்படி முடுக்கு முழுவதும் வடக்குப் பாகத்தைச் சேர்ந்தது என்றார். அவர் சொன்னது பிழையன்று. பத்திரம் எழுதியபோது முடுக்கைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. நினைக்க வேண்டிய தேவையும் அன்று இருந்ததில்லை. யான் கொத்தனாரை அழைத்து, ஹாலோ பிளாக் கல்லினால் ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பி முடுக்கை அடைத்து, அவ்விடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தலானேன்.

சுவர் எழுந்த அன்று தமையனார் வாசலில் நின்று சற்று நேரம் பார்த்தார். ஒன்றுங் கூறினாரில்லை. மறுநாள் தொடங்கி அவரும் அவர் மூத்த மகனும் எஞ்சினைத் தோளிலே தூக்கித் தெருவைச் சுற்றிக் கரைக்குச் சென்றார்கள். பேச்சு நின்றது அன்றுதான். அவர் சண்டையிட்டிருந்தால் யானும் சண்டையிட்டு, ஒருகால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். பேசாமை வளர்ந்துகொண்டே போயிற்று. நம் சங்கத்தில் பிராதுகளைக் கேட்டுத் தீர்க்கும் பெரியோர் ஈண்டு அமர்ந்திருக்கின்றனர். வரும் வழக்குகள் கடலைப் பற்றியனவாக இருப்பதினும் சுவரைப் பற்றியனவாக இருப்பதே மிகுதி என்று அவர்கள் கூறக் கேட்டிருக்கின்றேன்.

அக்காலத்தில் யான் ஞாயிறுதோறும் சிறுவர்க்கு மறைக்கல்வி வகுப்பும் நடத்திவந்தேன். குழந்தை தெரசம்மாள் திருநாள் வந்தது. பிரான்சு நாட்டு லிசியு மடத்தில் 24 வயதில் 1897 ஆம் ஆண்டு இறந்த அக்கன்னியாஸ்திரியின் வரலாற்றை வகுப்பிற் கூறினேன். அவருக்குச் சிறிதும் பிடிக்காத சகோதரி ஒருவர் மடத்தில் இருந்தார். அவரைக் காணுந்தோறும் தெரசம்மாள் முகமலர்ந்து புன்னகை செய்வார். என்னிடத்தில் எதைக் கண்டு இப்படி மகிழ்கின்றீர் என்று அச்சகோதரியே ஒரு நாள் வினவினார். இதனைச் சுவைபடச் சொல்லி, பிள்ளைகளும் சிரிக்க, மனநிறைவோடு வீடு திரும்பினேன். வழியில் எதிரே வலை சுமந்து தமையனார் வந்தார். யான் தெருவின் மறுபக்கத்துக்கு மாறி நடந்தேன். அவ்விரண்டுக்கும் இடையில் முழுதாகக் கால்மணி நேரங்கூட இல்லை. அப்போது அது எனக்கு உறுத்தவில்லை என்பதே நான் இன்று வெட்கப்படும் பகுதி.

பூசையிலும் அப்படியே. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்துக்குப் பின்னர்த் திருத்தப்பெற்று 1970 இல் வெளியான பூசைமுறையில், நற்கருணை வாங்குமுன் அருகில் நிற்பவரோடு சமாதானம் பகிரும் வழக்கம் இருப்பதை அறிவீர்கள். ஆண்கள் பக்கத்திலே அவர் எனக்கு வலப்புறம் பின்வரிசையில் நிற்பார். யான் இடப்புறமாகவே திரும்பிக் கைகூப்புவேன்.

தவக்காலம் வந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழந்தாளிட்டு, "சினங்கொண்டேன்" என்றேன். அங்கே நடந்ததைப் பேசலாமோ என்று சிலர் எண்ணலாம். அவ்விரகசியம் கேட்ட சுவாமியாரைக் கட்டும், சொன்னவனைக் கட்டாது. சுவாமியார் என்னினும் இளையவர். யார்மேற் சினம் என்று கேட்டார். சொன்னேன். எதனால் என்றார். முடுக்கையும் பத்திரத்தையும் சொல்லி, "சட்டப்படி அது என்னுடையது, சுவாமி" என்றேன். "அது யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவர் அந்த வழியாக எத்தனை ஆண்டு நடந்தார் என்று கேட்கிறேன்" என்றார். எனக்குச் சுரீரென்றது. கணக்குத் தெரியும். பதினான்கு வயதில் என் பள்ளிச் சம்பளத்துக்காகக் கடலுக்குச் சென்ற நாள்முதல் நடந்தார். ஆயினும் வாய் திறந்து சொல்லவில்லை. இவ்வளவு இளையவர் எனக்குக் கற்பிப்பதா என்று மனம் புழுங்கி எழுந்து வந்தேன். பின்னர்ப் பல மாதங்கள் அப்பக்கம் செல்லவில்லை.

என் தாயார் என்னோடு இருந்தார். நம் வீடுகளிற் பிடியரிசி எடுக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். உலைவைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் பானையில் இட்டு, சேர்ந்தபின் கோயிலுக்குக் கொடுப்பது. தாயார் இரு வீட்டு அடுப்பிலிருந்தும் பிடியரிசி எடுத்து ஒரே பானையில் இட்டுவந்தார். பானை நிறைந்து நெடுநாளாகியும் கோயிலுக்குப் போகவில்லை. அரிசியில் வண்டு விழுந்ததைக் கண்டு, ஏன் அம்மா கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் கூறியதை அவர் வாய்மொழியிலேயே கூறுகின்றேன். செந்தமிழாக்கினால் அதன் உயிர் போய்விடும். "எய்யா, இந்தப் பானைல ஒன் வீட்டு அரிசியும் ஒங்க அண்ணன் வீட்டு அரிசியும் ஒண்ணாக் கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசாமக் கெடக்கும்போது, இத நா எப்பிடிய்யா சாமி முன்னால கொண்டுபோயி வைக்க?"

காணிக்கை செலுத்த வந்தவன், உடன்பிறந்தானுக்குத் தன்மேற் குறையுண்டு என்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகி வரவேண்டும் என்று நம் ஆண்டவர் மலைமேற் போதித்தார். மத்தேயு எழுதிய சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில் அப்போதனை உளது. என் தாயாருக்கு அதிகாரமும் தெரியாது, வசனமும் தெரியாது. ஒரு மண்பானையைக் கொண்டு அதனைச் செய்துகொண்டிருந்தார். கவனியுங்கள்: தனக்கு உடன்பிறந்தான்மேற் குறையிருந்தால் என்று ஆண்டவர் சொன்னாரில்லை, உடன்பிறந்தானுக்குத் தன்மேற் குறையிருந்தால் என்றே சொன்னார். அதுகாறும் யான் அதனைத் தலைகீழாகப் படித்திருந்தேன்.

அவ்வாரம் வகுப்பில் உடம்படுமெய் நடத்தினேன். உயிரீற்றுச் சொல்லின்முன் உயிர் முதற்சொல் வந்தால் இடையே யகரமோ வகரமோ தோன்றி இரண்டையும் பொருத்தும். மணி, அடித்தது என்பன மணியடித்தது என்றாகும். திரு, அடி என்பன திருவடி என்றாகும். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்த எழுத்து வராவிட்டால்?" என்றான். "விட்டிசைக்கும்" என்றேன். நன்னூல் வழிவந்த விடைதான். கரும்பலகைப் பக்கமாகத் திரும்பி நின்று சிறிது நேரம் எழுதுவதுபோலக் காட்டிக்கொண்டேன்.

கார்த்திகை மாதம். வாடைக்காற்று எழுந்திருந்தது. பிற்பகலில் வரவேண்டிய தமையனார் வள்ளம் இருட்டியும் வரவில்லை. கைபேசியில் தொடர்பு கிடைக்கவில்லை. கரையிலே பெண்கள் கூடிச் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். என் மனைவியும் மதினியின் அருகே சென்று அமர்ந்தாள். யான் சற்று விலகி, படகு மறைவில் நின்றேன். அங்கே நிற்க எனக்கு உரிமையுண்டோ இல்லையோ என்னும் ஐயத்தோடே நின்றேன். நள்ளிரவு கடந்து, எஞ்சின் பழுதான அவ்வள்ளத்தை வேறொரு வள்ளத்தார் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அலைவாயில் வந்ததும், அணியத்தில் நின்ற தமையனார் கயிற்றுச் சுருளைக் கரைநோக்கி வீசி, "பிடி" என்றார். இருளில் நிற்பவன் யார் என்று அவருக்குத் தெரியாது. கயிறு என்மேல் விழுந்தது. பிடித்தேன். இடுப்பளவு நீரில் இறங்கி இழுத்தேன். அவர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார். "அம்மா சாப்பிட்டாளா?" என்று கேட்டார். "இன்னும் இல்லண்ணே" என்றேன். அன்று நாங்கள் பேசியது அவ்வளவே.

ஊதாரிப் பிள்ளையின் உவமையைச் சிறுவயது முதல் யான் இளைய மகனாக இருந்தே கேட்டவன். வீட்டில் இளையவனாதலால் அப்படியோ என்னவோ. லூக்காஸ் சுவிசேஷத்தில் அக்கதை முடியும் இடத்தைப் பாருங்கள். மூத்தவன் வீட்டுக்கு வெளியே நிற்கின்றான். தந்தை வெளியே வந்து வருந்தி அழைக்கின்றார். அவன் உள்ளே சென்றானா இல்லையா என்பது சொல்லப்படவில்லை. எங்கள் வீட்டிலோ மூத்தவர் வயலில் உழைத்தார். இளையவன் பங்கையும் பெற்றான். பின்னர்க் கணக்குப் பேசிக்கொண்டு வெளியே நின்றவனும் இளையவனே. உவமையில் வரும் இரு பிள்ளைகளின் குற்றமும் ஒருவனிடமே சேரக் கூடும் என்பதை எந்த வியாக்கியானத்திலும் யான் படித்ததில்லை.

அவ்வெள்ளிக்கிழமை அதே சுவாமியாரிடம் சென்றேன். இம்முறை சினங்கொண்டேன் என்று தொடங்கவில்லை. "என் அண்ணனுக்குரியதை எடுத்துக்கொண்டேன்" என்றேன். அவர் அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். யான் வியந்து, "சுவரை இடிக்கச் சொல்லவில்லையே, சுவாமி?" என்றேன். "அது அபராதமல்ல, அது கடன்" என்றார்.

திருச்சபையின் போதனை அதுவே. 1992 இல் வெளியான மறைக்கல்வி நூலும் இதனைத் தெளிவாக வைத்திருக்கின்றது. பாவமன்னிப்புக் குற்றத்தை நீக்கும். குற்றத்தால் விளைந்த கேடு தானே சீராகிவிடாது. எடுத்ததைத் திருப்ப வேண்டும், கெடுத்ததைச் செப்பனிட வேண்டும். சக்கேயு நம் ஆண்டவரை வீட்டில் வரவேற்ற அன்றே, யாரிடத்தில் எதை அநியாயமாக வாங்கினேனோ அதனை நான்கு மடங்காகத் திருப்புவேன் என்றான். வள்ளுவர் ஒப்புரவும் திருச்சபையார் ஒப்புரவும் ஒன்றையொன்று தொடும் இடம் உண்டு என்று முன்னே சொன்னேனே, அது இங்கேதான்.

சுவர் கட்டிய கொத்தனாரையே இடிக்கவும் அழைத்தேன். அவர் நகைத்தார். கட்டியதற்கு வாங்கிய கூலியினும் இடிப்பதற்கு மிகுதியாகக் கேட்டார், கொடுத்தேன். பாதி இடிந்தபோது தமையனார் வெளியே வந்து, ஒன்றுஞ் சொல்லாமல், உடையாத கற்களைத் தேர்ந்து அடுக்கலானார். யானும் எடுத்துக்கொடுத்தேன். மதினி தேநீர் கொண்டுவந்து வைத்தார். "அண்ணே, தப்பு எம்மேலதான்" என்றேன். இத்தனை ஆண்டு தமிழ் கற்றும் கற்பித்தும் அதற்குமேல் ஒரு சொல் எனக்கு வரவில்லை. அவர் நிமிராமலே, "சரி, அந்தக் கல்லப் பாத்து வையி, கால்ல விழுந்துரும்" என்றார். மறுஞாயிறு தாயார் அரிசியைப் புடைத்து வண்டு நீக்கிக் கோயிலுக்கு எடுத்துச் சென்றார்.

எல்லாம் செம்மையாயிற்று என்று கூறினால் அது பொய்யாகும். எஞ்சினைத் தோளில் வைத்துத் தெருவைச் சுற்றிய நாட்களில் தமையனாரின் மூத்த மகனுக்கு வயது பதினாறு. மாடியில் நின்று யான் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் பார்த்திருக்கின்றான். அவன் இன்னும் என்னைச் சித்தப்பா என்று அழைப்பதில்லை. முகங்கொடுத்துப் பேசுவதும் இல்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிக் குறிப்பிடத்தில் படித்தபோது, மன்னிப்புக் கிடைத்தபின்னும் உத்தரிக்க ஏன் வேண்டும் என்று பாட்டியாரிடம் கேட்டு வைது வாங்கியிருக்கின்றேன். அக்கேள்வியை இப்போது யான் கேட்பதில்லை.

முடுக்கில் இருவர்க்கும் உரிமையுண்டு என்று பத்திரத்தைத் திருத்தி எழுத ஏற்பாடாகியிருக்கின்றது. வரும் மாதம் பதிவு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எஞ்சின் அவ்வழியே போகும். சென்ற வாரம் சத்தங்கேட்டு எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முன்பக்கம் தமையனாரும் பின்பக்கம் அவர் மகனும் பிடித்திருந்தார்கள். வழியின் குறுக்கே என் மோட்டார் சைக்கிள் பாதி நீட்டிக்கொண்டு நின்றது. பையன் என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி வைங்க" என்றான். இத்தனை காலத்தில் அவன் என்னிடம் சொன்ன முதற்பேச்சு அது. தள்ளி வைத்தேன்.